வசந்திக்கு: ஹாலில் வரப்போகும் கடல்நீர்த் தொட்டி பற்றி

அன்புள்ள வசந்தி,

உன் கடிதமும் கூட அனுப்பிய பிளானும் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டாவது கண்ணிலும் புரை ஆபரேஷன் முடிந்தது, அதில்தான் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நன்றாக இருக்கிறார். டிவியில் கீழே ஓடுகிற எழுத்தையெல்லாம் உரக்கப் படித்துக் காட்டுகிறார், வீடே கலகலவென்று இருக்கிறது. கதிர் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். உன் மகள் பிளஸ் டூவுக்கு அப்புறம் என்ன படிக்கப் போகிறாள் என்று நீ எழுதவே இல்லை.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் சுவருக்குப் பதிலாக எட்டடி நீளத்துக்கு ஒரு கடல்நீர்த் தொட்டி, இரண்டு பக்கமிருந்தும் மீன் தெரிகிற மாதிரி வேண்டும், துபாய் போய்வந்த நாளிலிருந்து அண்ணனுக்கு இதே பேச்சு என்று எழுதியிருக்கிறாய். எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, கண்டிப்பாக வையுங்கள். ஆனால் பிளானைப் பார்த்ததும் ஒரு கவலை வந்தது. தொட்டி நிற்கும் இடத்தில் எட்டுக்கு இரண்டரை அடியில் நீலக் கட்டம் போட்டிருக்கிறார்கள், அதை ஒட்டிப் பின்னால் எதுவுமே இல்லை. கடல்நீர்த் தொட்டி என்பது ஹாலில் தெரிகிற கண்ணாடியோடு முடிந்துபோகிற சமாச்சாரம் இல்லை வசந்தி. அந்தத் தண்ணீரை உயிரோடு வைத்திருக்கிற அத்தனை வேலையும் பின்னால் நடக்க வேண்டும், அதற்கு ஓர் அறை வேண்டும். கட்டடம் இன்னும் பிளிந்த் மட்டம் (தரைத்தளத்தின் அடிமட்டம்) வரவில்லை என்று எழுதியிருந்தாய், அதனால்தான் இவ்வளவு நீளமாக இப்போதே எழுதுகிறேன்.

பின்னால் என்ன இருக்கும் என்று கேட்பாய். தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் குழாய் வழியாக சம்ப் என்ற இன்னொரு தொட்டிக்குப் போகும். மீன் கழிவு நுரையோடு சேர்ந்து அங்கே பிரிந்து வரும், அதைச் செய்யும் கருவிக்கு ஸ்கிம்மர் என்று பெயர், அதன் கோப்பையில் சேரும் கருப்புத் தண்ணீரின் நாற்றத்தை ஹாலில் வைத்துக்கொள்ள முடியாது. சுத்தமான தண்ணீரை மோட்டார் திரும்ப மேலே ஏற்றும். உப்பு கரைக்க ஒரு டிரம், நல்ல தண்ணீர் சேர்த்து வைக்க இன்னொரு டிரம், ஆர்.ஓ. மெஷின், கை கழுவ ஒரு சிங்க், தரையில் ஒரு வடிகால். இவை எல்லாவற்றையும் தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியில் திணித்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். குனிந்து, முட்டி போட்டு, கையை வளைத்துச் செய்கிற வேலையை யாரும் தொடர்ந்து செய்வதில்லை, கொஞ்ச நாளில் மீன் சாக ஆரம்பிக்கும், அப்புறம் தொட்டி காலியாகிப் பொம்மை அலமாரியாகிவிடும்.

அதனால் என் யோசனை இது. தொட்டியை நடுவிலிருந்து எடுத்து, ஹாலின் மேற்குச் சுவரில் சாமான் அறைக்கு முன்னால் பதித்துவிடு. ஹாலிலிருந்து பார்த்தால் சுவரில் ஒரு ஜன்னல் மாதிரி கடல் தெரியும். சாமான் அறை ஐந்துக்கு எட்டு இருக்கிறதே, அது அப்படியே தொட்டியின் பின்னறை ஆகிவிடும். அரிசி மூட்டைக்குக் கிச்சனை ஒட்டி இடம் கண்டுபிடித்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்தால் குழாயை மறைக்க இடம் கிடைக்காது, மீனுக்கும் ஒதுங்க ஒரு பக்கம் இருக்காது. இந்த ஒன்றில் அண்ணன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

அளவையும் கொஞ்சம் மாற்று. உயரத்தை 2.5 அடியிலிருந்து 2 அடியாகக் குறைத்து, அகலத்தை 3 அடியாக்கு. 8 அடி, 3 அடி, 2 அடி என்றால் 48 கன அடி, கிட்டத்தட்ட 1,360 லிட்டர், ஏற்கெனவே நினைத்த அளவுதான். ஆனால் கண்ணாடியின் மேல் தண்ணீர் தள்ளுகிற விசை உயரத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது, அரை அடி குறைத்தாலே அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். கையும் அடிமட்டம் வரை எட்டும். இரண்டரை அடியில் முகத்தைத் தண்ணீருக்குள் விட்டால்தான் அடியில் கிடக்கும் கல்லைத் தொட முடியும். அகலம் கூடினால் கல்லை முன்னும் பின்னுமாக அடுக்கலாம், பார்க்கிறவர்களுக்கு ஆழம் தெரியும். ஸ்டாண்டு இரண்டரை அடி இருக்கட்டும், அப்போது சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும். மேலே லைட்டும் கையும் போக ஒன்றரை அடியாவது காலியிடம் வேண்டும். மீன் குதிக்கும், வலை மூடி போடு.

எடையை மேஸ்திரியிடம் விட்டுவிடாதே. தண்ணீர் மட்டும் சுமார் 1,400 கிலோ. கண்ணாடி, கல், மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் இரண்டு டன். அது நிற்கும் இடம் 24 சதுர அடிதான். வீட்டுத் தளத்துக்குப் பிளான் போடுகிற நாங்கள் கணக்கில் எடுக்கும் பயன்பாட்டுச் சுமை, அதாவது ஆட்களும் சாமான்களும் சேர்ந்த எடை, சதுர மீட்டருக்கு 200 கிலோ, இங்கே வருவதோ அதைப் போல நாலு ஐந்து மடங்கு. நல்லவேளை தரைத்தளம். ஆனாலும் நிரப்பிய மண்ணின் மேல் டைல்ஸ் ஒட்டி அதன்மேல் வைத்தால் நாளடைவில் ஒரு மூலை இறங்கும், இறங்கினால் கண்ணாடி ஒட்டியிருக்கிற இடத்தில் இழுக்கும். தொட்டி நிற்கும் இடத்துக்கு மட்டும் மண்ணை நன்றாக இறுக்கி, கம்பி கட்டித் தனியாகக் கான்கிரீட் போடச் சொல். மாடியில் வைக்கலாமா என்று அண்ணன் கேட்டால், அதற்கென்றே பீம் போடாமல் கூடாது என்று சொல்லிவிடு.

அவர் அக்ரிலிக்கில் (கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக்) உருளை வடிவம் கேட்டதாகவும் எழுதியிருந்தாய். 2022 டிசம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் பெர்லினில் ஓட்டல் லாபியில் இருந்த அக்வாடோம் என்ற பெரிய மீன் தொட்டி வெடித்தது நினைவிருக்கும். உருளை வடிவ அக்ரிலிக் தொட்டி, பத்து லட்சம் லிட்டர் தண்ணீர், 1,500 மீன்கள். பகலில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. வீட்டுத் தொட்டிக்கு அந்த அபாயம் இல்லை, என் மறுப்புக்குக் காரணம் வேறு. உருளையில் மீனின் உருவம் வளைந்து தெரியும், பாசி தேய்க்கும்போது அக்ரிலிக் சீக்கிரம் கீறும். இந்த அளவுக்குக் கண்ணாடியே போதும். முன்பக்கத்துக்கு மட்டும் இரும்புச்சத்து குறைந்த கண்ணாடி வாங்கு, சாதாரணக் கண்ணாடி இந்தத் தடிமனில் பச்சையடிக்கும்.

அப்புறம் கரண்ட். மோட்டார் நின்ற நிமிடம் மேல்தொட்டியில் வழியும் மட்டத்துக்கு மேலுள்ள தண்ணீர் கீழே சம்புக்கு வந்துவிடும். 24 சதுர அடியில் ஒரே ஒரு இஞ்ச் இறங்கினாலும் 57 லிட்டர். அதை வாங்கிக்கொள்ள சம்பில் எப்போதும் காலியிடம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மின்வெட்டுக்கும் தரையில் உப்புத் தண்ணீர்தான். பின்னறைத் தரையை ஹாலைவிட இரண்டு இஞ்ச் இறக்கிவிடு. தண்ணீரை அசைக்கும் மோட்டாருக்கு மட்டுமாவது இன்வெர்ட்டர் லைன் கொடு, அசைவு நின்றால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் மூச்சுத் திணறும். பிளக் பாயின்டுகள் தொட்டிக்கு நேர் கீழே வேண்டாம், பக்கச் சுவரில் உயரத்தில் இருக்கட்டும். ஒயர் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து மேலே ஏறினால்தான் ஒழுகுகிற நீர் பிளக்குக்குள் போகாது. மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம்.

தூத்துக்குடி வெயிலுக்குச் சில்லர், அதாவது தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின், இல்லாமல் முடியாது. தண்ணீர் 25, 26 டிகிரியில் இருக்க வேண்டும், மே மாதம் உங்கள் ஹால் எவ்வளவு இருக்கும் என்று உனக்கே தெரியும். சில்லர் தண்ணீரிலிருந்து எடுக்கிற சூட்டை வெளியே கக்கும், அதைப் பின்னறைக்குள் வைத்தால் அறை அடுப்பாகிவிடும், வெளிச்சுவரில் ஏசி பெட்டி மாதிரி மாட்டு. பின்னறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேனும் வேண்டும். தொட்டியிலிருந்து தினமும் பல லிட்டர் ஆவியாகும், அந்த ஈரம் ஹாலுக்குள் வந்தால் ஜிப்சம் சீலிங்கும் மர வேலையும் தாங்காது. ஒரு வீட்டில் தொட்டியைச் சுற்றி வைத்த பிளைவுட் பேனல் முழுக்க உப்பிக் கழற்ற வேண்டியதாயிற்று. தொட்டியைச் சுற்றிக் கிரானைட் அல்லது டைல்ஸ் போட்டுவிடு. ஸ்க்ரூ, கீல், கைப்பிடி எல்லாம் 316 எஸ்.எஸ். (எளிதில் துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேட்டு வாங்கு, உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று கடலோரத்தில் இருக்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தொட்டியின் மேல் நேர் வெயில் படக்கூடாது, பாசி பிடிக்கும்.

உப்பளம் பக்கத்தில் இருக்கிறதே, அந்த உப்பையே கரைத்துவிடலாமா என்று அண்ணன் கேட்டாராம். கேள்வி நியாயமானதுதான், ஆனால் ஆகாது. கடல்நீரில் சோடியம் குளோரைடு போக மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. பாத்தியில் நீர் வற்றும்போது கால்சியம் சேர்மங்கள் முதலில் படிந்துவிடும், பிறகு உப்பு விளையும், மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நம் கைக்கு வருகிற உப்பில் மீனுக்கு வேண்டிய பாதி இல்லை. தொட்டிக்கென்று விற்கும் கலவை உப்பைத்தான் ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்க வேண்டும். லிட்டருக்கு 35 கிராம், முதல் நிரப்புக்கே 48 கிலோ ஆகும். பிறகு பத்தில் ஒரு பங்கு மாற்றும்போதெல்லாம் ஐந்து கிலோ. ஆவியான அளவுக்கு மட்டும் உப்பில்லாத நல்ல தண்ணீரை ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாகாதே.

இனி நான் ரொம்ப அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். உள்ளே பவளம் வைக்க வேண்டும், தெரிந்த மீனவர் கல் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு என்ன காப்போ அதேதான் பவளத்துக்கும். கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும்கூட அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. சட்டத்தை விடு. உங்கள் ஊரில் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக்கல்லை வண்டி வண்டியாக வெட்டி எடுத்த காலம் இருந்தது, உன் தாத்தா வீட்டுச் சுவரிலேயே அந்தக் கல்லை நீ எனக்குக் காட்டியிருக்கிறாய். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன, பவளக்கல் வெட்டியதும் அதற்கு ஒரு காரணம். 2010-லும் 2016-லும் கடல் சூடாகிப் பவளங்கள் வெளுத்தன. உங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்தார் ஒவ்வொரு துண்டாகப் பவளத்தைக் கடலில் திரும்ப நட்டு வளர்க்கிறார்கள். அந்தக் கடலிலிருந்து ஒரு கல்லைப் பெயர்த்து ஹாலில் வைக்க எனக்கு மனசு வராது, உனக்கும் வராது என்று எனக்குத் தெரியும். செராமிக்கில் செய்த செயற்கைக் கல் கிடைக்கிறது. ஓட்டைகள் நிறைந்தது, பாக்டீரியா குடியேற அதுவே போதும், சில மாதங்களில் ஊதாப் பாசி படர்ந்து அழகாகிவிடும்.

மீனும் அப்படித்தான், கடலில் பிடித்ததை வாங்காமல் பண்ணையில் பொரித்ததை வாங்கு. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தில் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை எப்போதோ கைவரப்பெற்றுவிட்டார்கள். ஒரு நாள் நேரில் போய்விட்டு வாருங்கள், எந்த மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளலாம். கோமாளி மீன் எல்லாமே ஆணாகத்தான் பிறக்கும். கூட்டத்தில் பெரியது பெண்ணாக மாறும், அடுத்தது அதற்கு ஜோடியாகும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் இருக்கும். எட்டடித் தொட்டிதானே என்று கடையில் நீல டேங் மீனை நீட்டுவார்கள், உள்ளங்கை அளவில் இருப்பது ஓரடி வரை வளரும், முதல் வருஷம் அதெல்லாம் வேண்டாம். கொஞ்ச மீன், நிறைய இடம், அதுதான் பார்க்கவும் அழகு.

இன்னொன்று, தை மாதம் பால் காய்ச்சும் அன்றைக்கே தொட்டியில் மீன் நீந்த வேண்டும் என்று அவசரப்படாதே. தண்ணீர் நிரப்பிய பிறகு அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருக நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் விட்ட மீன் தன் கழிவிலேயே சாகும். அன்றைக்கு வெறும் தண்ணீரும் கல்லும் வெளிச்சமும் இருந்தாலே வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். 1909-ல் மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தபோது மதராஸ் ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்களோ, அந்த ஆசை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. எத்தனை வீட்டு வேலை பார்த்தாலும் ஒரு சுவரில் கடல் வரப்போகிறது என்றால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மேற்குச் சுவர்ப் பக்கம் பீம் எப்படிப் போகிறது என்று உங்கள் இன்ஜினீயரிடம் கேட்டு, ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கை இந்த வாரமே அனுப்பு. சாமான் அறைக்கு வெளிக்கதவு ஒன்று வைக்க முடியுமா என்றும் பார், டிரம்மும் உப்பு மூட்டையும் ஹால் வழியாகப் போகாமல் இருக்கும். நான் திருத்திய பிளானை வரைந்து அனுப்புகிறேன். அண்ணனுக்கு என் வணக்கம் சொல். அத்தை முட்டி வலிக்கு என்ன மருந்து எடுக்கிறார் என்று எழுது, அம்மா கேட்கச் சொன்னார்.

அன்புடன்,
தமிழரசி