அந்தப் பையனின் படத்தை ஏன் போட்டீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படம் வந்திருந்தது. பள்ளிக்கூட மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரு பையனை உட்கார வைத்திருக்கிறார்கள். கழுத்தில் துண்டு. பின்னால் முடிவெட்டுகிறவர். சுற்றிலும் ஆசிரியர்கள். 'புள்ளிங்கோ கட்டிங்' வைத்து வந்த மாணவர்களுக்குப் பள்ளியிலேயே முடி திருத்தம், பெற்றோர் பாராட்டு என்று கீழே எழுதியிருந்தீர்கள். பையனின் முகம் தெளிவாகத் தெரிந்தது. தலையில் பாதி முடி போயிருந்தது, பாதி இருந்தது. அவன் காமிராவைப் பார்க்கவில்லை. மடியில் விழுந்து கிடந்த முடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் நாகர்கோவிலில் இருபத்திரண்டு வருடமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் ஒரு டீயோடு உங்கள் பேப்பரைப் படித்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருவேன். அன்றைக்கு அந்தப் பக்கத்துக்கு மேல் படிக்க மனம் வரவில்லை. எனக்கும் முடி வளர்த்த பையன் இருக்கிறான்.

என் மகனுக்கு 26 வயது. முடி தோளுக்குக் கீழே கிடக்கும். வெயில் கொளுத்தினாலும் கறுப்பு டீ ஷர்ட்தான். அதன்மேல் கை வெட்டிய ஜீன்ஸ் ஜாக்கெட். ஜாக்கெட் முழுக்க அவனுக்குப் பிடித்த மெட்டல் இசைக் குழுக்களின் பேட்ச், அதாவது சின்னம் போட்ட துணித் துண்டு. மண்டை ஓடு, எலும்பு, தீ, முள்வேலி மாதிரி பின்னிக் கிடக்கும் எழுத்துகள். அத்தனையையும் தைத்துக் கொடுத்தது நான்தான். பேட்ச்சின் ஓரமும் தடிப்பு, ஜீன்ஸ் துணியும் தடிப்பு. சாதாரண ஊசி தாங்காது, ஒடிந்துவிடும். 18ஆம் நம்பர் ஊசி போட்டு, மோட்டாரை நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கையால் உருட்டித் தைக்க வேண்டும். மூலையில் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். ஒரு பேட்ச்சுக்கு இருபது நிமிஷம். அவ்வளவு நேரம் ஒரு மண்டை ஓட்டோடு உட்கார்ந்திருந்தால் அதன்மேல் இருந்த பயம் தானாகப் போய்விடும்.

அதில் பல்லை இளிக்கிற ஒருவனுக்கு எட்டி என்று பெயராம். அயர்ன் மெய்டன் என்கிற இங்கிலாந்துக் குழுவின் சின்னம். 1980இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் அட்டையிலிருந்து கூடவே வருகிறான். கச்சேரியில் ஆளைவிடப் பெரிய பொம்மையாக மேடைக்கே நடந்து வருவானாம். 2007 மார்ச்சில் அவர்கள் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வந்து வாசித்தபோது என் மகன் மூன்றாம் வகுப்போ என்னவோ. கல்லூரியில் சீனியர்கள் சொல்லித்தான் அவனுக்கு இதெல்லாம் தெரியும். "அந்தப் பொம்மை வர்றதைப் பாக்கணும்மா, அவ்வளவு பேரும் கத்துவாங்க" என்றான். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். ஆறு வயதில் கூத்து பார்த்துவிட்டு வந்து சொன்ன அதே முகம்.

ஜாக்கெட்டின் முதுகில் ஒரு பெரிய பேட்ச் தைப்பார்கள். மனதுக்கு மிக நெருக்கமான குழுவுக்குத்தான் அந்த இடம். என் மகன் அங்கே எந்தக் குழுவையும் தைக்கச் சொல்லவில்லை. உளுவத்தலையனைத் தைக்கச் சொன்னான்.

எங்கள் பக்கத்தில் தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு உளுவத்தலையனையும் உச்சிக்குடும்பனையும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஊரில் ராமாயணம் பத்து நாள் நடக்கும். மழை வரவில்லையென்றால் கூத்து வைப்பார்கள். வெள்ளைத் திரை, உள்ளே விளக்கு, ஆட்டுத்தோலை வெளிச்சம் புகுகிற அளவுக்குச் சுரண்டிச் சாயம் தீட்டிய பாவைகள். உள்ளே ஆட்டுகிறவர் ஒரே ஒருவர். ராமன், சீதை, ராவணன், அனுமன் எல்லோருக்கும் அவர் ஒருவரே குரல் கொடுப்பார். கதை கனத்துப்போகிற நேரம் பார்த்து இந்த இரண்டு பேரும் திரையில் வந்து குதிப்பார்கள். ராமன் பேசுவது ஏட்டுத் தமிழ், இவர்கள் பேசுவது எங்கள் ஊர்ப் பேச்சு. ரேஷன் கடையைக் கேலி செய்வார்கள், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற ஊர்ப் பெரியவரையே கேலி செய்வார்கள்.

இரண்டு பேரும் அழகர்கள் இல்லை. ஒருத்தனுக்கு உச்சந்தலையில் மட்டும் ஒரு குடுமி. இந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்துக்கு அப்படிப் போனால் அவனையும் நாற்காலியில் உட்கார வைத்து வெட்டிவிடுவார்கள். ராமன் திரையில் வந்தால் பாட்டிமார் கும்பிடுவார்கள். இவர்கள் வந்தால் பிள்ளைகள் நாங்கள் பாயை விட்டு எழுந்து திரைக்குப் பக்கத்தில் ஓடுவோம். அவன் தலை ஏன் இப்படி என்று எங்களில் ஒருத்திகூடக் கேட்டதில்லை.

கூத்து நடத்துகிறவர்கள் மண்டிகர் என்று சொல்லப்படுகிறவர்கள். வீட்டுக்குள் மராத்தி பேசுவார்கள். குளத்தங்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவார்கள். ராத்திரி முழுக்க அவர்கள் கூத்தைப் பார்த்துச் சிரித்த ஊர்தான் இது. ஆனால் காலையில் ஒரு கோழி காணவில்லை என்றால் முதலில் அந்தக் கூடாரத்தைத்தான் போய்ப் பார்ப்பார்கள். என் அப்பா ஒரு தடவை அதற்காக நாலு பேரோடு சண்டை போட்டார். கோழி மூன்றாம் நாள் வைக்கோல்போருக்குப் பின்னாலிருந்து குஞ்சுகளோடு வந்தது. யாரும் கூடாரத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை.

அந்த அப்பாதான் என் மகனைக் கடைசியாகக் கூத்துக்குக் கூட்டிப்போனவர். 2005இல் என்று நினைவு. பத்து நாள் நடந்த கூத்து இரண்டு நாளாகச் சுருங்கியிருந்தது. மகன் பாட்டாவின் மடியில் உட்கார்ந்து இரண்டு நாளும் தூங்காமல் பார்த்தான். மூன்றாம் நாள் காலையில் கூடாரத்தைப் பிரிக்கும்போது ஓடிப் போய் நின்றிருக்கிறான். கூத்துக்காரர் ஒரு பழைய உளுவத்தலையனை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டார். சாயம் மங்கியது, காலில் ஒரு கிழிசல். கையையும் காலையும் தனியாக வெட்டி நூலால் முடிச்சுப் போட்டிருப்பார்கள், குச்சியை அசைத்தால் ஆடும். இருபது வருடமாக அது அவனோடுதான் இருக்கிறது. ஹாஸ்டலுக்குப் போனபோதும் என் பழைய சேலைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனான்.

கல்லூரி இரண்டாம் வருட லீவில் ஒரு நாள் மாடியிலிருந்து யாரோ உறுமுகிற சத்தம் கேட்டது. பதறி ஓடினேன். மகன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தொண்டையில் பாடிக்கொண்டிருந்தான். இதெல்லாம் ஒரு பாட்டா என்று கோபமாகக் கேட்டேன். "அம்மா, இது ராவணன் குரல்தானே" என்றான். எனக்குப் பதில் வரவில்லை. அதே குரல்தான். விளக்கு படபடக்கிற திரைக்குள்ளிருந்து அந்த மனிதர் ராவணனுக்காக எடுப்பாரே, அடிவயிற்றிலிருந்து வருகிற அதே குரல். அமெரிக்காவில் இப்படிப் பாடுவதற்கு 'குக்கி மான்ஸ்டர் குரல்' என்றே ஒரு பெயர் உண்டாம். 1969இல் தொடங்கிய செசமி ஸ்ட்ரீட் என்கிற பிள்ளைகள் நிகழ்ச்சியில் பிஸ்கட் தின்கிற நீலப் பொம்மையின் பெயர் அது.

அப்புறம் அவனுடைய பெங்களூர்த் தோழி ஒருத்தி இரண்டு நாள் வீட்டுக்கு வந்தாள். கிரிப்டோஸ் என்று அந்த ஊரில் 1998இல் தொடங்கிய குழு, அவர்கள் கச்சேரியில் பழக்கமாம். கண்ணைச் சுற்றி அப்பிய மை, உதட்டில் கறுப்புச் சாயம், மூக்கு நடுவில் வளையம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். அவள் என்னோடு அடுக்களையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டே தன் பையிலிருந்து ஒரு சின்னப் பொம்மையை எடுத்துக் காட்டினாள். கறுப்பு மேலங்கி போட்ட ரத்தக்காட்டேரி. அதுவும் செசமி ஸ்ட்ரீட் பொம்மைதான். யாரையும் கடிக்காது, கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். அவளுடைய சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தாராம். "இதை வெச்சுதான் ஆன்ட்டி நான் எண்ணப் படிச்சேன்" என்றாள். எனக்கு அந்தப் பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். போன வருடம் ராத்திரி பதினொரு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கிய என் மகனை ஒரு போலீஸ் சோதனையில் நிறுத்தினார்கள். கூட இறங்கிய பத்து இருபது பேரில் அவனை மட்டும். "எங்கலே போற? பையில என்ன?" என்று பையைத் தரையில் கொட்டச் சொல்லியிருக்கிறார்கள். கஞ்சா தேடினார்கள். சேலைத் துண்டில் சுற்றிய பாவை வந்தது. "இது என்னலே, மந்திரவாதமா?" என்று கேட்டாராம் ஒருவர். கூத்துப் பாவை என்று சொன்னதற்கு நம்பாமல் விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத் துணிக்குவியல் மேல் விட்டெறிந்தார். இடது கை முடிச்சு அறுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. முடிச்சை மட்டும் போட்டுத் தரச் சொன்னான். தோலில் புதிதாக ஓட்டை போட்டால் கிழியும். பழைய ஓட்டையிலேயே மெழுகு தடவிய நூலைக் கோத்துப் போட்டேன். அது வரைக்கும் பக்கத்திலேயே நின்றான்.

அவனிடம் ஒரு பேட்ச் உண்டு. அதை மட்டும் உள்பக்கம், நெஞ்சுக்கு நேராகத் தைக்கச் சொன்னான். சோஃபி லங்காஸ்டர் என்று ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது. இங்கிலாந்தில் பேக்கப் என்கிற சின்ன ஊரில் 2007 ஆகஸ்டில் ஒரு பூங்காவில் சில பையன்கள் அவளுடைய நண்பனை அடித்துப் போட்டார்கள். அவன் தலையை மடியில் தாங்கி, விடுங்கள் என்று கெஞ்சிய அவளையும் மிதித்தார்கள். பதின்மூன்று நாள் நினைவில்லாமல் கிடந்து செத்துப்போனாள். வயது 20. அவர்கள் இருவரும் கறுப்பு உடுத்து, முடியை வேறு மாதிரி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் காரணம். 2013இல் கிரேட்டர் மான்செஸ்டர் போலீஸ், இப்படித் தோற்றத்துக்காகத் தாக்கப்படுவதையும் வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்யத் தொடங்கியது. நம் ஊரில் அந்த அளவுக்கு நடக்காது என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஒரு பையனைப் பார்த்ததும் இவன் இப்படித்தான் என்று முடிவு கட்டுகிற பார்வை இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான்.

ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். என் மகன் இன்ஜினியரிங் படித்தவன், கேட்பது இங்கிலீஷ் பாட்டு. அதனால் பாதிப் பேர் அவனை 'ஸ்டைல்' என்று விட்டுவிடுகிறார்கள். உங்கள் படத்தில் இருந்த பையனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் கானா கேட்பவனாக இருக்கலாம், ஒன் சைடு முடிக்கு நூறு ரூபாய் சேர்த்து வைத்தவனாக இருக்கலாம். அவன் முடி வளர்த்தால் ரவுடி. என் கடைக்கு அப்படிப்பட்ட பையன்கள் பேன்ட் பிடிக்கக் கொடுக்க வருவார்கள். காலை இறுக்கிப் பிடி அக்கா என்பார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி கரன்ட் போனபோது மூன்று பேர் செல்போன் டார்ச் அடித்து நின்று, கடைசித் துணி வரை தைத்து முடித்த பிறகுதான் போனார்கள். தலையில் ஒருத்தனுக்கு மஞ்சள், ஒருத்தனுக்குச் சிவப்பு.

பள்ளிக்கூடத்துக்கு விதி இருக்கலாம், சரி. அம்மா அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லட்டும். பையன் தானே போய் வெட்டிக்கொண்டு வரட்டும். எல்லோரும் பார்க்க உட்கார வைத்து வெட்டுவது வேறு. அதைப் படம் பிடித்து ஆயிரக்கணக்கான வீட்டுக்கு அனுப்புவது அதைவிடப் பெரிய தண்டனை. அதைக் கொடுத்தது பள்ளிக்கூடம் இல்லை ஐயா, உங்கள் பேப்பர். அவன் தெருவில் நடக்கும்போது, டியூஷனுக்குப் போகும்போது, நாளைக்கு வேலை கேட்டுப் போகும்போது அந்தப் பாதித் தலை அவனோடு வரும். அவன் பையிலும் எதையோ சேலைத் துண்டில் சுற்றி வைத்திருப்பான். உங்கள் நிருபர் அதைக் கேட்டிருக்கலாம்.

இனிமேல் இப்படிச் செய்தி வந்தால் பிள்ளைகளின் முகத்தைப் போடாதீர்கள். அந்தப் படத்தை உங்கள் இணையப் பதிப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். இன்று காலை கடை திறந்ததும் பார்த்தேன், இன்னும் அப்படியே இருக்கிறது.

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். மகனுக்காக அதை அச்சிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரி,
நாகர்கோவில்