களனி கங்கையில் மூழ்கியவர்களின் விசாரணை ஏடுகளுக்கு ஓர் அட்டவணை வேண்டும்

தேசிய சுவடிகள் கூடத்தின் பணிப்பாளர் நாயகம் அவர்களுக்கும், கொழும்பின் வரலாற்றை ஆராய்வோருக்கும்,

பெருமதிப்பிற்குரியீர்,

என் பூட்டனார் களனி கங்கையில் மூழ்கி இறந்தவர். யட்டியாந்தோட்டைப் பக்கமிருந்து கொழும்புக்குத் தேயிலைப் பெட்டிகள் ஏற்றிவந்த ஓலைக்கூரைப் படகொன்றில் மரக்கோல் ஊன்றியவர். அவருடைய மரணப் பதிவின் பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. மடிப்புகள் கிழிந்து, பின்புறம் மெல்லிய துணி ஒட்டிய அந்தத் தாளில் பெயரென்று ஒற்றைச் சொல், தொழில் ‘கூலி’, காரணம் ‘தற்செயலாக நீரில் மூழ்கியமை’ என்று எழுதியிருக்கிறது. பாட்டி சொன்னதோ வேறு. வைகாசி வெள்ளத்தில் ஆறு செம்மண் நிறமாக ஓடிய அன்று, படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நான்கு விரல் இடைவெளிகூட இல்லாதபடி பெட்டிகளை ஏற்றினார்களாம். விடிந்ததும் புறப்படுகிறோம் என்று கெஞ்சியும் விடவில்லையாம்.

களனிப் பள்ளத்தாக்கு ரயில்பாதை 1903 இல் யட்டியாந்தோட்டையை எட்டும் வரை அந்த மலைச்சரிவின் விளைச்சலுக்கு ஆறும் ஒரு பெருவழியாக இருந்தது. கொழும்பின் பாலத்துறையில் 1822 இல் படகுகளைப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலத்துக்குப் பதிலாக 1895 இல் விக்டோரியா பாலம் எழுந்தது. வடக்கே நீர்கொழும்பு, புத்தளம் நோக்கிக் கால்வாய் வழியாகவும் சரக்குப் படகுகள் போய்வந்தன. பாலங்களைக் கட்டுவித்த ஆளுநர்களின் பெயர்களை எளிதில் அறியலாம். அந்த நீரில் கோல் ஊன்றியும் மூட்டை சுமந்தும் மாண்டவர்களின் பெயர்கள், எழுதப்பட்டிருந்தால், மரண விசாரணை ஏடுகளில்தான் இருக்கும்.

பிற நாட்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏடுகளிலிருந்து எவ்வளவு எடுத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று கூறுகிறேன். இங்கிலாந்தில் மரண விசாரணையாளர் பதவி 1194 இல் ஏற்பட்டது. லண்டனின் 14 ஆம் நூற்றாண்டு விசாரணைச் சுருள்கள் சில இன்றும் வாசிக்கக் கிடைக்கின்றன. ஒருவரின் சாவுக்குக் காரணமான பொருள், அது வண்டியானாலும் படகானாலும், மன்னருக்குச் சேரவேண்டும் என்ற சட்டம் அங்கு 1846 வரை இருந்தது. ஆகவே விசாரித்தவர்கள் அப்பொருளுக்கு விலை மதித்து எழுத வேண்டியிருந்தது. அரச வருவாய்க்காகக் குறித்த அந்த விலையே, தேம்ஸ் ஆற்றில் மூழ்கியவர் ஏறியிருந்தது எத்தகைய படகு என்பதை இன்று ஊகிக்க உதவுகிறது.

‘தற்செயல்’ என்பது விசாரணையின் முடிவு மட்டுமே. சாவின் காரணம் சாட்சிகளின் வாக்குமூலத்தில் இருக்கிறது. படகில் எத்தனை பேர், எவ்வளவு பாரம், புறப்பட்டது எந்நேரம், நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசியதால் அவசரப்பட்டார்களா, ஏற்றச் சொன்னவர் யார் என்பவற்றை அங்கேதான் தேட வேண்டும். இறந்த நாளை மழைக்குறிப்புகளோடும், கொழும்பு நாகலகம் வீதியில் அளந்த ஆற்று நீர்மட்டத்தோடும் ஒப்பிட்டால், வெள்ள நாளில் படகை விட்டவர்கள் எத்தனை முறை ‘தற்செயல்’ என்ற சொல்லுக்குள் ஒதுங்கினார்கள் என்பது தெரியவரும். இதைச் செய்யாமல் ஆற்றுவழி வணிகத்தின் வரலாற்றை எழுதுவது, சரக்கை மட்டும் எண்ணிவிட்டு ஆளை எண்ணாமல் விடுவதாகும்.

ஆகவே, கச்சேரி எனப்படும் மாவட்ட அரச அலுவலகக் கோப்புகளிலும் நீதவான் மன்றக் கோவைகளிலும் களனி கங்கை, அதன் கால்வாய்கள், முகத்துவாரம் ஆகிய இடங்களின் நீர்மரணங்களைப் பற்றி எஞ்சியிருக்கும் விசாரணைத் தாள்கள் அனைத்துக்கும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் ஓர் அட்டவணை தயாரிக்குமாறு வேண்டுகிறேன். அதில் இறந்தவரின் பெயரை ஏட்டில் உள்ளவாறே எழுதி, பக்கத்தில் தமிழர் வழங்கும் வடிவத்தையும் தர வேண்டும். முனியாண்டியும் முனியப்பனும் ‘முனி’ என்று சுருங்கிக் கிடக்கும் ஏட்டில், தேடி வரும் பேரப்பிள்ளைகள் தங்கள் ஆளை வேறு எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? தமிழ்ப் பெயர்களைப் படித்துச் சரிபார்க்கப் பாலத்துறையிலும் முகத்துவாரத்திலும் முதியவர்கள் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். எந்த நாளில் வர வேண்டும் என்று அறிவித்தால் வருவோம்.

இப்படிக்கு,
பாலத்துறைவாசி ஒருவர்
கொழும்பு 14