தண்ணீர் தெளித்தால் தூசு அடங்காது

ஆசிரியருக்கு,

தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019-இல் தொடங்கியபோதே காற்று மாசு மிகுந்த நகரங்களின் பட்டியலில் தூத்துக்குடி இருந்தது. ஆனாலும் நம் ஊர்களில் தூசுக் கட்டுப்பாடு என்றால் லாரியில் தண்ணீர் தெளிப்பதுதான். வெயிலில் ஈரம் உலர்ந்ததும் அதே தூசு மறுபடி கிளம்பும்.

மண் சேர்வது வண்டி ஓடும் தடத்தில் அல்ல. மீடியன் ஓரத்திலும் தார் முடியும் விளிம்பிலும்தான். அதை வண்டி நடமாட்டத்துக்கு முன், விடியற்காலையில் கூட்டி, அப்போதே அள்ள வேண்டும். குவித்துவிட்டுப் போனால் முதல் பஸ்ஸே கலைத்துவிடும்.

இன்னும் மோசமானது சாக்கடையில் தூர்வாரிய சகதி. கரையிலேயே கிடந்து, காய்ந்து, டயரில் அரைபட்டுப் பொடியாகிறது. நீர் வடிய ஒரு நாள் விட்டு, மறுநாளே தார்ப்பாய் மூடிய டிப்பரில் ஏற்ற வேண்டும். தூர்வாரிய சாக்கடையின் நீளத்துக்கு அல்ல, கிடங்கில் இறக்கிய எடைச்சீட்டுக்கே ஒப்பந்ததாரருக்குப் பில் பாஸ் செய்யலாம்.

சருகை எரிப்பதற்குத் துப்புரவுப் பணியாளரைத் திட்டிப் பயனில்லை. குப்பை வண்டி அதை ஏற்றிக்கொள்வதில்லை. பூங்காவில் உரக்குழி வெட்டிக் கொடுங்கள். சாலையோர நிலம் முழுவதையும் சிமென்ட்டால் மூடாமல், சாலை விளிம்பில் மட்டும் பேவர் பிளாக் பதித்தால் மழைநீரும் இறங்கும்.

காற்றில் மிதக்கும் நுண்தூசான பிஎம்10 அளவு, 24 மணி நேரச் சராசரியில் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டும் நாட்களை வார்டு அலுவலகப் பலகையில் எழுதிப் போடவும் வேண்டும்.

— வாசகர், தூத்துக்குடி