பழைய ஆர்மோனியத்தைப் பொலிஷ் பண்ணி விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாடு புறப்படுவோரும் தொடர்மாடிக்கு மாறுவோரும் வீட்டிலிருந்த பழைய ஆர்மோனியத்தை விற்கும்போது, “புதிதாகப் பொலிஷ் செய்தது” என்று பெருமையாக விளம்பரம் கொடுக்கிறார்கள். வாசிக்கத் தெரிந்தவர் அந்த வரியைக் கண்டதுமே தயங்குவார்.

ஆர்மோனியத்தின் பெறுமதி அதன் ரீட்டுகளில், அதாவது காற்றில் அதிர்ந்து சுரம் எழுப்பும் பாகங்களில், இருக்கிறது. பித்தளைத் தகட்டில் தறைந்த மெல்லிய நாக்கு, தகட்டின் பிளவுக்குள் விளிம்பு தட்டாமல் அதிர வேண்டும். பொலிஷுக்காக மரத்தைத் தேய்த்த தூள் அந்த இடுக்கில் புகுந்தால் சுரம் கரகரக்கும், இல்லையேல் அடைத்துப்போகும். ஜெர்மன் ரீட், பாரிஸ் ரீட் பூட்டிய பெட்டிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். தகட்டில் ஏதும் பொறித்திருந்தால் படமெடுத்துக் காட்டுங்கள், கழற்ற வேண்டாம்.

விற்க முன் சுருதி சேர்ப்பதும் கூடாது. நாக்கின் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும், அடியைச் சுரண்டினால் இறங்கும். சுரண்டிய பித்தளை திரும்ப வராது. பெட்டி முழுவதும் இன்றைய பொதுச் சுருதி அளவான 440 ஹேர்ட்ஸிலிருந்து ஒரே சீராக விலகி நின்றால் அது பழுதே இல்லை. அந்த அளவு லண்டன் மாநாட்டில் இணங்கப்பட்டதே 1939இல்தான். ஒரு சுரம் மட்டும் இறங்கி நின்றால் கவனியுங்கள். நாக்கின் அடியில் வெடிப்பு விழுந்திருக்கலாம், அது உடையப்போகும் ரீட்.

வாங்க வருபவர் சோதிக்கட்டும். ரீட்டுகளுக்குக் காற்றை விடும் முன்பக்கக் குமிழ்களை எல்லாம் மூடித் துருத்தியை அடித்தால், சில தடவையில் உள்துருத்தி நிறைந்து கைக்கு எதிர்ப்புத் தெரிய வேண்டும். இலகுவாகப் போய்க்கொண்டே இருந்தால் காற்று ஒழுகுகிறது: துருத்தி மடிப்பின் மூலைகளையும் வால்வுத் தோலையும் பாருங்கள். பிறகு ஒரு குமிழைத் திறந்து, கட்டை எதையும் தொடாமல் அடியுங்கள். சத்தம் வந்தால் ஏதோ ஒரு கட்டையின் அடித்தோல் சரியாகப் படியவில்லை, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கடைசியாக ஒவ்வொரு கட்டையையும் மெதுவாகவும் பலமாகவும் வாசிக்க வேண்டும். மெல்லிய காற்றுக்குப் பேசத் தாமதிக்கும் நாக்கு தகட்டைவிட்டு அதிகம் எழும்பியிருக்கும். பலத்த காற்றுக்கு ஊமையாகிவிடும் நாக்கு அளவுக்கு மீறித் தாழ்ந்திருக்கும். இரண்டையும் தெரிந்தவர் கை திருத்திவிடும். அதனால் இவற்றை மறைக்காமல் சொல்லி விலை பேசலாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி கடலோர வீடுகளில் உப்புக்காற்றுப் பட்டு ஸ்பிரிங் துருவேறும், பித்தளையில் பச்சைக் களிம்பு படியும். எண்ணெய் பூசினால் தூசி ஒட்டி நிலைமை இன்னும் மோசமாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஊதிக் கட்டை இறுகுகிறதென்று தச்சரைக் கொண்டு சீவவும் வேண்டாம். மரம் காய்ந்ததும் அந்தக் கட்டை ஆட்டங்காணும்.

வரவேற்பறை அலங்காரத்துக்கு வாங்குபவர் கூடுதலாகவே தருவார். ஆனாலும் பஜனைக்கோ இசை நாடகத்துக்கோ வாசிப்பவருக்கு, கொஞ்சம் குறைத்தாவது, கொடுங்கள். வாசிக்காமல் வைத்த பெட்டியில் தோல் இறுகி, பூச்சி துணியை அரித்துவிடும்.

யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ போவதானால் பஸ்ஸின் அடிப்பெட்டியில் போடாதீர்கள். துருத்தியில் காற்றில்லாமல் கொளுவியை மாட்டி, ஒரு கட்டையோடு அடுத்த ஸ்தாயிக் கட்டையையும் சேர்த்து இயக்கும் கப்ளரை விடுவித்து, குமிழ்களை மூடி, நிமிர்த்தியபடி பக்கத்து இருக்கையில் வைத்துக் கொண்டுபோக வேண்டும்.

இப்படிக்கு,
ஆர்மோனியம் திருத்துநர் ஒருவர்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.