ஹான்பரியின் அண்ணனை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் ஆங்கிலேய வியாபாரி தாமஸ் ஹான்பரியைப் பற்றி வந்த கட்டுரையைக் கடையில் உட்கார்ந்தே படித்தேன். ஷாங்காயில் பட்டும் தேயிலையும் விற்றுச் சம்பாதித்தார், 1867-இல் இத்தாலியக் கடலோரத்தில் லா மோர்தோலா என்ற இடத்தை வாங்கித் தோட்டம் போட்டார், விக்டோரியா மகாராணி வந்து பார்த்தார். எல்லாம் சரிதான். ஆனால், ஏதோ பணக்காரரின் பொழுதுபோக்கு என்பதுபோல் முடித்துவிட்டீர்கள். அண்ணன் டேனியலுக்கு ஒரு வரிகூட இல்லை. கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் எனக்கு அதுதான் உறுத்துகிறது.

டேனியல் (1825-1875) லண்டனில் குடும்ப மருந்து வியாபாரத்தில் வளர்ந்தவர். கடைக்கு வரும் பட்டை, வேர், பிசின் எந்தச் செடியுடையது, எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று துருவித் துருவிப் பார்த்தவர். ஸ்டோராக்ஸ் என்னும் வாசனைப் பிசின் எந்த மரத்தில் வடிகிறது என்று 1857-இல் எழுதினார். சீன மருந்துச் சரக்குகளை ஆராய்ந்தார். பிரிட்டனிலும் அன்றைய பிரிட்டிஷ் இந்தியாவிலும் புழங்கிய தாவர மருந்துகளின் வரலாற்றை ஃபுளூக்கிகர் என்ற அறிஞருடன் சேர்ந்து 1874-இல் வெளியிட்டார். தம்பியின் தோட்டத்துக்குச் செடி சேர்த்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தத் தோட்டத்தார் எந்தச் செடி இருக்கிறது என்று பட்டியல் போட்டார்கள். மற்ற நாட்டுத் தோட்டங்களுக்கு விதை அனுப்பினார்கள். 1897 முதல் அங்கே பொறுப்பிலிருந்த ஆல்வின் பெர்கர் கற்றாழை ஆராய்ச்சியில் பேர் போனவர். நம் தண்டவாள ஓரங்களில் வேலியாக நிற்கிறதே ரயில் கற்றாழை, அந்த இனமும் அவர் ஆராய்ச்சியில் உண்டு.

இது ஏன் முக்கியம்? சென்ற ஆண்டு அசோகப் பட்டை என்று எங்கள் கடைக்கு ஒரு மூட்டை வந்தது. பிரித்து ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டு மென்றேன். நாக்கைப் பிடிக்கவேண்டிய துவர்ப்பு பிடிக்கவில்லை. நெட்டிலிங்கப் பட்டை! மதுரையில் பள்ளிக்கூடத்து மதிலோரம் எல்லாம் ஒட்டடைக் கம்பு மாதிரி நெடுநெடுவென்று நிற்கிற அதே மரம். அதையே அசோக மரம் என்று சொல்பவர்கள் ஏராளம். அனுப்பியவரைத் தொலைபேசியில் கேட்டால், "எல்லாரும் இதைத்தானே வாங்குகிறார்கள்?" என்கிறார். திருப்பி அனுப்பிவிட்டேன், அது வேறு எந்தக் கடைக்குப் போனதோ! எங்கள் தொழிலில் காய்ந்த சரக்கைத் தராசில் ஆயுள் முழுக்க நிறுத்துவிட்டு, பச்சைச் செடியைக் கண்ணால் பார்க்காதவர்களே அதிகம். பெண்களின் உதிரப்போக்குக்குக் கொடுக்கிற மருந்து ஐயா இது, சாம்பிராணிப் புகை அல்ல.

பழம்பொருள் விஷயத்திலும் ஒரு விடுதல். லா மோர்தோலாவுக்குச் சற்றுத் தள்ளி பால்சி ரோசி குகைகளில் பனிக்கால மனிதர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அந்த இடத்திலேயே 1898-இல் அருங்காட்சியகம் கட்டியவர் தாமஸ் ஹான்பரி. நம் கீழடியில் அந்த மண்ணிலேயே அருங்காட்சியகம் வந்தது 2023-இல். தோட்டத்துக்குள் போகும் ரோமானியர் காலத்துச் சாலையை இன்றும் பார்க்கலாமாம்.

1903-இல் இங்கிலாந்தில் விஸ்லி என்ற இடத்தில் 60 ஏக்கரை வாங்கி, அரச தோட்டக்கலைக் கழகத்துக்குக் கொடுத்தார் தாமஸ். மதுரை வியாபாரிகள் சங்கங்களிடம் நான் 60 ஏக்கர் கேட்கவில்லை. மூலிகைத் தோட்டம் போட, அழகர்கோவில் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உள்ள 2 ஏக்கர் போதும். அதிமதுரமும் கோஷ்டமும் நம் வெயிலுக்கு வராது, தெரியும். அசோகு நிழலும் ஈரமும் இருந்தால் வரும். ஆடாதோடை, நொச்சி, சிறுகுறிஞ்சான் எல்லாம் நம் ஊர்ச் செடிகள்தாமே. பெயர்ப்பலகையோடு வைத்தால் கடைப் பையன்களும் சித்த மருத்துவ மாணவர்களும் வந்து பார்ப்பார்கள். அசோகுக்குப் பக்கத்திலேயே ஒரு நெட்டிலிங்கமும் நிற்கட்டும். கன்றுகளின் செலவு என்னுடையது. நிலத்தைச் சங்கங்கள் பேசி முடிக்கட்டும்.

இப்படிக்கு,
நாட்டு மருந்துக் கடைக்காரர்,
மதுரை.