வெருகல் பக்கம் இருக்கிற பழைய மண்கட்டை கிரவலுக்கு வெட்டுறதை நிப்பாட்டக் கேட்டு கோரிக்கை மனு

மாவட்டச் செயலாளர் அவர்கள்,
மாவட்டச் செயலகம், திருகோணமலை.

மதிப்புக்குரிய ஐயா,

வெருகல் பிரதேச செயலாளர் பிரிவில எங்கட ஊருக்கு மேற்கால, மேட்டுக்காணிக்கும் காட்டுக்கும் நடுவால ஒரு நீளமான மண்கட்டு போகுது, அதை இப்ப றோட்டு வேலைக்கெண்டு பெக்கோ போட்டு வெட்டி டிப்பர் டிப்பரா ஏத்துறாங்க. கேட்டா தூர்ந்த குளத்துக்கட்டுத்தானே, ஆருக்கும் பிரயோசனமில்லை எண்டுறாங்க. அது குளக்கட்டே இல்லை ஐயா. நாங்க குளத்தை நம்பி வயல் செய்யுற சனம், குளக்கட்டு எப்பிடி இருக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாதா? தண்ணி திறந்துவிடுற துருசு இல்லை, மிச்சத் தண்ணி வழிஞ்சு போற கலிங்கு இல்லை, தண்ணி வந்து நிக்கிற பள்ளமும் இல்லை, கட்டு மேட்டு நிலத்தாலயே போகுது, வெளிப்பக்கமா அதை ஒட்டி அகழி மாதிரி ஒரு கிடங்கும் கூடவே வருது.

உள்பக்கக் காணிகளை உழுதா பழைய சட்டி ஓடு வந்துகொண்டே இருக்கும். உள்ளுக்குக் கறுப்பு, விளிம்பும் கறுப்பு, வெளியில அடிப்பக்கம் சிவப்பு. இதே கறுப்புச் சிவப்புச் சட்டிதான் புத்தளம் பக்கம் பொம்பரிப்பில செத்தவையைத் தாழியில வச்சுப் புதைச்ச தாழிக்காட்டிலயும், 1970 இல தொல்லியல் ஆக்கள் கிண்டின யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலயும் வந்தது, வெருகல் ஆத்துக்கு அங்கால கதிரவெளியில பெருங்கற்காலக் (இரும்பு பாவிக்கத் தொடங்கின பழைய காலத்து) கல்லறைகளும் இருக்கு. அநுராதபுரத்துப் பழைய உள்நகரைச் சுத்தியும் அரணும் அகழியும்தானே இருக்கு, இதுவும் அந்தக் காலத்துச் சனம் தங்கட ஊருக்கு எல்லையாப் போட்ட கட்டு எண்டுதான் நாங்க நம்புறம்.

வெட்டின இடத்தில போய் நிண்டு பாருங்கோ ஐயா. சிவப்பு மண்ணுக்குக் கீழ ஒரு சாண் தடிப்பில கறுத்த மண் படை ஒண்டு தெரியுது, அதுக்குள்ள கரித்துண்டும் சட்டி ஓடும் ஒட்டிக்கொண்டு கிடக்கு. கட்டு போட முதல் சனம் நடந்து திரிஞ்ச நிலம் அதுதான். அந்தக் கரியை எடுத்து ஆய்வுகூடத்தில பாத்தாத்தான் வயசு சொல்லலாம், அதுவும் டிப்பரில ஏறிப் போயிட்டா பிறகு எந்தப் பேராசிரியர் வந்தும் ஒண்டும் சொல்ல ஏலாது.

அதால முதல்ல வெட்டுறதை உடன நிப்பாட்டித் தாங்கோ. புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின்ர மண் வெட்டுற அனுமதி இந்த இடத்துக்குத்தான் குடுத்ததா எண்டும் பாக்கவேணும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ பாதுகாக்க வழி இருக்கு, தொல்லியல் திணைக்கள அதிகாரிகளோட யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தொல்லியல் ஆக்களையும் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கோ.

இன்னொண்டு, இதைக் கட்டாயம் எழுதத்தான் வேணும். ஊரில கனபேர் இதைப் பத்திக் கதைக்கவே பயப்பிடுறாங்க, தொல்லியல் எண்டு வாயைத் திறந்தா எல்லைக்கல்லு நட்டு வயலையும் எடுத்துப்போடுவாங்க எண்டு. இந்த மாவட்டத்தில அது சும்மா வந்த பயமில்லை. கட்டும் கிடங்கும் காப்பாத்தப்படவேணும், பக்கத்துக் காணிக்காரர் விதைக்கிறதும் நிக்கக்கூடாது, எல்லை போடுறது எண்டா காணிப் பெமிட் (அனுமதிப்பத்திரம்) வச்சிருக்கிற கமக்காரரைப் பக்கத்தில வச்சுக்கொண்டு போடவேணும், அறிவிப்புப் பலகை மூண்டு மொழியிலயும் இருக்கவேணும்.

மாரி தொடங்கினா வெட்டின முகம் கரைஞ்சு விழுந்திடும், அதுக்கு முதல் ஆக்களை அனுப்புங்கோ. வாற நாளை கிராம சேவகர் மூலம் சொன்னாப் போதும், கமக்காரர் சங்கத்து ஆக்கள் கூட வந்து இடத்தைக் காட்டுவாங்க.

இப்படிக்கு,
ஊர் மக்கள்
(கையெழுத்துகளும் இடத்தின் படங்களும் இணைக்கப்பட்டுள்ளன)