பச்சை அட்டையில் இல்லாத கணக்கு

ஐயா,

புதுச்சேரி நேரு வீதியில் ஓர் ஆயத்த ஆடைக் கடையில் சென்ற வாரம் சட்டை வாங்கினேன். விலைச்சீட்டோடு தொங்கிய பச்சை அட்டையில், 2030-க்குள் கரிம உமிழ்வைப் பாதியாகக் குறைப்போம் என்று அச்சிட்டிருந்தார்கள். எந்த ஆண்டின் உமிழ்வில் பாதி, கடைகளின் மின்சாரம் மட்டுமா, நூற்று நெய்து சாயமேற்றும் ஆலைகளும் சேர்த்தா என்பதற்கு அட்டையிலும் விடையில்லை; கடைப் பணியாளருக்கும் தெரியவில்லை. (கண்ணாடிக் கதவை அகலத் திறந்து வைத்து, ஏசி குளிரைத் தெருவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது தனிக்கதை.)

மில் சங்கொலி கேட்டு வளர்ந்த இவ்வூர்க்காரர்களுக்கு ஒன்று தெரியும்: துணியின் புகை கடையில் எழுவதில்லை, நிலக்கரியும் விறகும் எரியும் கொதிகலன்களில் எழுகிறது. 'ஸ்கோப் 3' எனப்படும் இந்த விநியோகச் சங்கிலி உமிழ்வே ஆடை விற்பனை நிறுவனங்களின் கணக்கில் பெரும்பங்கு. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றிய நிலைத்தன்மை அறிக்கை தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்திருந்தாலும், அதில் 'ஸ்கோப் 3' விவரம் நிறுவனத்தின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது.

ஆடை நிறுவனங்களுக்கேனும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். அதுவரை, அடிப்படை ஆண்டையும் கணக்கின் எல்லையையும் குறிப்பிடாத இத்தகைய அட்டைகளை விளம்பரமாகவே கருதி, நுகர்வோர் பாதுகாப்புத் துறை விளக்கம் கேட்க வேண்டும்.

– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி.